அறுகின் குலமுறை: புல்லினப் பன்மையும் மூலக்கூற்றுச் சுட்டிகளும்

வரலாற்றுக்குச் சான்றாவன எவை என வினவினால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், மட்பாண்டம், ஏடு என்னும் வரிசையே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். காலின்கீழ் மிதிபடும் புல்லை அவ்வரிசையிற் சேர்ப்பார் இலர். ஆயினும் மனிதன் மந்தை ஓட்டிச் சென்ற வழியெல்லாம், வயல் திருத்திய இடமெல்லாம், கப்பலிற் சென்று இறங்கிய துறையெல்லாம் புல்லும் அவனோடு சென்றுள்ளது. அது எங்கிருந்து புறப்பட்டது, வழியில் எவற்றோடு கலந்தது என்பதற்கான பதிவு அதன் கலங்களுக்குள்ளேயே உண்டு. அப்பதிவைப் படிக்கும் முறை ஏறத்தாழக் கடந்த 40 ஆண்டுகளிலேயே மனிதனுக்குக் கைவந்தது. அறுகம்புல்லை முன்வைத்து அம்முறையின் வரலாற்றையும், அதனால் யாழ்ப்பாணக் குடாநாட்டை நோக்கி எழும் வினாவையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறுகு யாழ்ப்பாணத்தாரின் வாழ்வோடு நெருங்கிய புல். சாணத்திற் பிடித்த பிள்ளையாரின் தலையில் அறுகு நடுகின்றனர். மணமக்களை அறுகரிசி இட்டு வாழ்த்துகின்றனர். மங்கல முழுக்குக்கு முன் தலையிற் பாலறுகு வைக்கின்றனர். ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றுக என்னும் வாழ்த்து அப்புல்லின் இயல்பை நன்கறிந்தோர் வாக்காகும். பொருநராற்றுப்படையிற் கரிகாலன் பொருநனுக்கு அளித்த விருந்தில், அறுகம்புற் பழுதையைத் தின்று கொழுத்த செம்மறியின் இறைச்சி இடம்பெறுகிறது. எனவே சங்க காலத்திலேயே அறுகு சிறந்த தீனிப்புல்லாக அறியப்பட்டிருந்தது தெளிவு. தோட்டக்காரனின் கருத்து வேறு. மண்வெட்டியால் அறுகைக் கொத்தினால் அது அழிவதில்லை. துண்டுகள் எத்தனையோ அத்தனை செடிகளாகப் பெருகுகிறது. நிலத்தின்மேல் ஓடும் தண்டாலும் நிலத்தின்கீழ் ஓடும் தண்டாலும் பரவி, கணுத்தோறும் வேர்விடுவது அதன் இயல்பு.

இவ்வியல்பே வரலாற்றாசிரியனுக்கும் தாவரவியலாளனுக்கும் பொதுவான ஒரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. ஒரு வெளி முழுவதும் பரந்து கிடக்கும் அறுகு, பிறப்பின்படி ஒரே செடியாக இருக்கக்கூடும். அருகருகே கிடக்கும் இரு திட்டுகள் முற்றிலும் வெவ்வேறு வழியில் வந்தவையாகவும் இருக்கக்கூடும். கண்ணாற் பார்த்து இதனைத் தீர்மானிக்க இயலாது. நீர் மிகுந்த வாய்க்கால் ஓரத்தில் நீண்டு தழைக்கும் அறுகே, ஆடு மேயும் உவர்த் தரையிற் குறுகி நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். அது நிலம் தந்த வேற்றுமையா, பிறப்பு தந்த வேற்றுமையா என்பதைத் தோற்றம் சொல்வதில்லை.

பெயர்களும் இவ்விடத்தில் அதிகம் உதவுவதில்லை. தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் வகுத்தது. அவ்வகுப்பின்படி பனையும் தெங்கும் புல்லாகும். அது கூர்மையான அவதானமே எனினும் இன்றைய குடும்பப் பகுப்போடு முழுதும் பொருந்துவதன்று. வைத்திய வழக்கிலே சிற்றறுகு, கூரறுகு, பேரறுகு, உப்பறுகு எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுட் சில உண்மையான பேதங்களைக் குறிக்கலாம். ஆனால் வெள்ளறுகு எனப்படும் மருந்துச்செடி புல்லே அன்று. வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த பூண்டு. பெயர் ஒற்றுமையைக் கொண்டு குல ஒற்றுமையை முடிவு செய்வது எவ்வளவு தவறானது என்பதற்கு இவ்வொன்றே போதுமானது.

ஐரோப்பியத் தாவரவியலார் பெயரிட்ட முறையிலும் இக்குழப்பம் இல்லாமலில்லை. இலங்கைத் தாவரங்கள் அம்முறையினுள் நுழைந்தது ஒல்லாந்தர் காலத்திலாகும். அக்கால மருத்துவர் போல் ஹேர்மன் திரட்டிய செடித்தொகுப்பை ஆதாரமாகக் கொண்டு லின்னேயசு 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். அறுகுக்கு 1753இல் அவர் இட்ட பெயர் பனிக்கம் டக்டிலன் என்பது. 1805இற் பேர்சூன் அதனைச் சைனொடன் என்னும் சாதிக்கு மாற்றினார். சைனொடன் என்பதற்கு நாய்ப்பல் என்று பொருள். லின்னேயசின் மாணவரான கேனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, 1785இல் இறக்கும்வரை இப்பகுதிகளின் செடிகளைத் திரட்டினார். 1771இல் லின்னேயசு, மலபார்க் கரைக்குரியதென ஒரு மணற்புல்லை அக்ரோஸ்ரிஸ் மற்றெல்லா என வெளியிட்டார். அதுவே இன்று சொய்சியா மற்றெல்லா எனப்படுவது. 1912இல் மணிலாவிலிருந்த மெறில் அப்பெயரை நிலைநிறுத்தினார். இந்தியக் கரையிலிருந்து பெயர்பெற்று, இலங்கைக் கடற்கரைகளிலும் வளரும் இப்புல், அமெரிக்கத் தோட்டங்களுக்குப் பிலிப்பைன்சிலிருந்து சென்றமையால் உலகெங்கும் மணிலாப் புல் என்றே வழங்குகிறது. அறுகின் கதையும் அத்தகையதே. பழைய உலகத்துப் புல்லாகிய அது அமெரிக்காவிற் பெற்ற பெயர் பெர்முடாப் புல்.

தமிழகத்தார் இத்துறையிற் செய்த பணி தனித்துக் குறிப்பிடற்பாலது. கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியைச் சேர்ந்த ரங்காச்சாரியார், தாடுலிங்க முதலியாரின் துணையோடு 1921இல் தென்னிந்தியப் புற்கள் பற்றிய கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். அறுகின் உறவினமான சைனொடன் பார்பெரி என்னும் இனத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியோரும் இவ்விருவரே. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய அவ்வினம், கோயம்புத்தூரிற் கரும்பு இனவிருத்தியைத் தொடக்கிய பார்பரின் பெயரைத் தாங்கியது. இலங்கையில் திரைமனின் தாவர நூலின் புற்கள் அடங்கிய இறுதிப்பகுதி 1900இல் ஹூக்கரால் நிறைவு செய்யப்பட்டது. சேனாரத்தினவின் இலங்கைப் புற்கள் என்னும் நூல் 1956இல் வந்தது. இந்நூல்கள் இன்னது இவ்வினம் என்று சொல்லும். ஓர் இனத்துக்குள் எத்தனை குலம் என்பது அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அவ்வினாவை முதலில் எழுப்பியவர்கள் நிறமூர்த்தங்களை எண்ணியவர்களாவர். சைனொடன் சாதியின் அடிப்படை எண் 9. எனவே 18 நிறமூர்த்தங்கள் உடையவை இருமடியங்கள், 36 உடையவை நான்மடியங்கள். ஒக்லஹோமா அரச பல்கலைக்கழகத்தில் ஹார்லன், டி வெற் ஆகியோர் 1960களில் உலகின் பல பாகங்களிலிருந்தும் அறுகுகளைத் திரட்டி ஒப்பிட்டனர். உலகெங்கும் களையாகப் பரந்திருப்பது நான்மடிய அறுகு. தென்னாபிரிக்காவிலிருந்து மேற்காசியா வழியாகத் தென்னிந்தியாவரை வறள்நிலங்களிற் காணப்படுவது இருமடிய அறுகு என அவர்கள் வேறு பிரித்தனர். பாக்குநீரிணையின் அக்கரைவரை வந்த இவ்வெல்லைக்கோடு, தமிழ் மாணவருக்கு வெறும் தாவரவியற் செய்தியாகத் தோன்ற நியாயமில்லை.

இதே காலத்தில் ஜோர்ஜியா மாநிலத்தின் டிப்ரன் நகரில் கிளென் பேர்ட்டன் என்பவர் வேறொரு நோக்கோடு அறுகைக் கையாண்டார். நான்மடிய அறுகையும் தென்னாபிரிக்காவின் மெல்லிய இருமடிய இனத்தையும் கலந்து அவர் பெற்ற மும்மடியங்கள் 27 நிறமூர்த்தங்கள் உடையவை, விதை கொள்ளாதவை, தண்டுத்துண்டாலேயே பெருகுபவை. டிப்கிறீன் 1956இலும் டிப்வே 1960இலும் வெளியாயின. டிப்கிறீன் நடப்பட்ட இடங்களில் தானாகத் தோன்றிய குட்டைவடிவம் 1965இல் டிப்டுவாவ் எனப் பெயர் பெற்றது. வெப்பவலயத்து விளையாட்டுத் திடல்களும் கோல்ப் வெளிகளும் விரைவில் இச்சில செடிகளின் துண்டுகளால் நிரம்பின. இலட்சக்கணக்கான சதுர அடியிற் பச்சைப் பசேலென விரிந்து கிடப்பவை, பிறப்பின்படி விரல்விட்டு எண்ணத்தக்க சில செடிகளே எனின் அது மிகையன்று.

இவ்வொருமையின் ஆபத்தை உணர்த்தும் நிகழ்ச்சி இந்தியாவிலேயே நடந்தது. அதிலும் பேர்ட்டனின் கை உண்டு. கம்புப் பயிரில் அவர் உருவாக்கிய ஆண்மலட்டு வழியாகிய டிப்ட் 23ஏ இந்தியாவுக்கு வந்தது. அதனைத் தாயாகக் கொண்டு பஞ்சாபில் அத்வாலின் முயற்சியால் உருவான முதற் கலப்பினக் கம்பு 1965இல் வெளியிடப்பட்டது. விளைச்சல் பெருகியது; பரப்பும் பெருகியது. 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் பரவியபோது அக்கலப்பினங்கள் பேரழிவுக்கு உள்ளாயின. ஒரே தாய்வழி பெரும்பரப்பில் விதைக்கப்பட்டிருந்தமையால், ஒரு கதிரை வீழ்த்தத் தெரிந்த நோய்க்கு எல்லாக் கதிர்களையும் வீழ்த்தத் தெரிந்திருந்தது. பேர்ட்டனைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. பஞ்சகாலத்தில் விளைச்சலைக் கூட்டியவர்களைக் குறை கூறுவது எளிது, நியாயமன்று. ஆனால் கையிருப்பில் வேறு குலங்கள் இருந்தமையாலேயே இனவிருத்தியாளர் மீண்டும் எழ முடிந்தது என்பதை மறத்தல் கூடாது.

குலங்களைப் பிரித்தறியும் கருவி 1980களில் உருப்பெற்றது. 1980இல் பொட்ஸ்ரைனும் அவரது துணைவர்களும், டீ.என்.ஏ. இழையை நொதியங்களால் வெட்டும்போது துண்டுகளின் நீளம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதைச் சுட்டியாகக் கொள்ளலாம் எனக் காட்டினர். 1983இல் கரி முல்லிஸ் கண்டறிந்த பெருக்கல் முறை, சிறிதளவு டீ.என்.ஏ.யிலிருந்து வேண்டியவளவு பிரதிகளை எடுக்க வழிசெய்தது. 1990இல் குறுந்தொடக்கிகளைக் கொண்டு எழுந்தவாறு பெருக்கும் முறை வந்தது. மறு ஆண்டு ரெனசிப் பல்கலைக்கழகத்தார் அதற்கு நெருங்கிய கைரேகை முறையொன்றை வெளியிட்டுப் பின்னர் அறுகின்மீதும் கையாண்டனர். 1995இல் ஒல்லாந்தில் மேலும் நுட்பமான முறையொன்று பிறந்தது.

கலைப்பீடத்தார்க்கு இம்முறை விளங்காத மந்திரம் அன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை பழைய நூல்களைப் பதிப்பித்தபோது பல ஊர் ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படின், அவை ஒரே மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டவை எனக் கொள்வது பதிப்பு நெறி. சரியான பாடம் எல்லா ஏட்டிலும் இருக்கும். அது உறவைக் காட்டாது. பொதுப்பிழையே உறவைக் காட்டும். டீ.என்.ஏ.யும் தலைமுறை தலைமுறையாகப் பிரதி செய்யப்படும் ஏடு போன்றதே. பிரதியில் நேர்ந்த மாற்றங்கள் வழித்தோன்றல்களுக்குச் செல்கின்றன. ஆய்வாளர் இலையிலிருந்து டீ.என்.ஏ.யைப் பிரித்து, குறித்த இடங்களைப் பெருக்கி, பசைத்தகட்டில் மின்னோட்டத்தால் ஓடவிடுகின்றனர். துண்டுகள் நீளத்துக்கேற்பப் பட்டைகளாகப் பிரியும். பட்டை உண்டு எனில் 1, இல்லை எனில் 0 எனக் குறித்து, செடிக்குச் செடி ஒப்பிட்டுக் குலமரம் வரைகின்றனர். மூலக்கூற்றுச் சுட்டி என்பது இப்பட்டையே. நீரோ உவரோ வெயிலோ அதனை மாற்றுவதில்லை என்பதே தோற்றத்தைவிட அதற்குள்ள சிறப்பு.

இதனால் விடை பெற்ற வினாக்களுள் ஒன்று சுவையானது. டிப்வே, டிப்கிறீன் நட்ட வெளிகளில் நிறமும் நெருக்கமும் வேறுபட்ட திட்டுகள் தோன்றித் திடற் பராமரிப்பாளரை வாட்டின. நட்ட செடியே மாறிவிட்டதா, வெளியிலிருந்து வேறு அறுகு புகுந்ததா? விற்றவரும் வாங்கியவரும் ஒருவர்மீதொருவர் பழிபோட இடந்தந்த வினா இது. ரெனசி ஆய்வாளர் 1997இல் வெளியிட்ட ஆய்வு, உள்மாற்றத்தையும் வெளிக்கலப்பையும் சுட்டிகளால் வேறுபிரிக்க முற்பட்டது. பின்னாளிற் புதியன எனப் பெயர் சூட்டப்பட்ட குறும்புற்கள் பல டிப்கிறீன் வழியினவே. சுட்டிகளாலும் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிதல் அரிதாயிற்று. பெயர்கள் பெருகின, குலம் பெருகவில்லை. இதற்கு மாறாக, 2004இல் ஒக்லஹோமா ஆய்வாளர் 11 நாடுகளிலிருந்து பெற்ற 28 நான்மடிய அறுகுகளை ஒப்பிட்டபோது, காட்டறுகின் பன்மை வெளிப்பட்டது. ஒரே புவிப்பகுதியைச் சேர்ந்தவை பெரும்பாலும் நெருங்கிய உறவு காட்டின. ஏடு வந்த ஊரை எழுத்திலிருந்து ஊகிப்பது போல, அறுகு வந்த திசையை அதன் டீ.என்.ஏ.யிலிருந்து ஊகிக்க இயலும் என்பது இதன் பொருள்.

சுட்டிகளின் எல்லையையும் சொல்லவேண்டும். 1990இன் எழுந்தவாறான முறை மலிவானது, விரைவானது. ஆனால் ஓர் ஆய்வுகூடத்திற் கிடைத்த பட்டை மற்றோர் ஆய்வுகூடத்திற் கிடையாமற் போவதுண்டு. நான்மடியத்தில் ஒரு பட்டை இருப்பது தெரியும், எத்தனை பிரதி என்பது தெரியாது. மேலும் சுட்டி உறவைச் சொல்லுமேயன்றி ஆண்டைச் சொல்லாது. ஓர் அறுகு கடல் கடந்தது சோழர் படையெடுப்பிலா, போர்த்துக்கேயர் காலத்திலா, அதற்கும் நெடுங்காலம் முன்னரா என்பதை ஏடும் தொல்லியலும் துணைநின்றாலன்றிக் கூற இயலாது. சுட்டி வந்துவிட்டது, இனி வரலாற்றாசிரியன் தேவையில்லை எனச் சில வேளைகளிற் பேசப்படுவது அறியாமையே.

குடாநாட்டை இவ்வொளியில் நோக்குதல் வேண்டும். சுண்ணக்கல்லின்மேற் படிந்த செம்மண், கடலேரிகளை அடுத்த உவர்நிலம், மணற்றிட்டு எனச் சிறு பரப்பில் வேறுபட்ட தரைகள் இங்கு நெருங்கிக் கிடக்கின்றன. மாரியில் வெள்ளம் நிற்கும் அதே தரவை கோடையில் உப்புப் பூத்து வெடிக்கிறது. இவ்விரண்டையும் தாங்கி, மாட்டின் வாய்க்கும் ஆட்டின் குளம்புக்கும் தப்பி நிற்கும் புல், பல நூறு ஆண்டுத் தெரிவின் விளைவாகும். நெடுந்தீவின் திறந்த புல்வெளிகளில் ஐரோப்பியர் ஆட்சிக்காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் மேய்கின்றன. குதிரைகளைக் காண வருவோர் பலர். 2015இல் அங்கு தேசிய பூங்காவும் பிரகடனமாயிற்று. அவை மேயும் புல்லைக் குனிந்து பார்ப்பவர் அரியர். நன்னீர் அருகி, உவர்நீரால் திடல்களைப் பராமரிக்க வேண்டிய நிலை உலகெங்கும் வளர்ந்துவருகையில், உப்பறுகு எனப் பெயரிட்ட முன்னோரின் அவதானம் ஆய்வகத்தில் எடுத்து நோக்கத்தக்க குறிப்பாகிறது. உவர்த்தரை அறுகு உண்மையில் தனிக்குலமா, செம்மண் அறுகே உவரிற் குறுகிய வடிவமா? பாக்குநீரிணையின் இரு கரை அறுகுகளும் ஒரே குலத்தனவா? அக்கரைவரை அறியப்பட்ட இருமடிய அறுகு இக்கரையின் வறள்நிலங்களிலும் உண்டா? இவை மூன்றும் சுட்டிகளால் விடைகாணத்தக்க வினாக்கள்.

விடை காண்பதற்குக் காலம் எல்லையற்றதன்று. தரவைகள் வெற்றுநிலம் என்ற கணக்கில் நிரப்பப்பட்டு வருகின்றன. புதிதாக எழும் வீடுகளின் முற்றங்களுக்கு மலேசியப் புல், அவுஸ்திரேலியப் புல் என நாட்டுப் பெயரால் விற்கப்படும் பாளங்கள் வந்து சேர்கின்றன. அப்பெயர்கள் குலத்தைக் குறிப்பனவல்ல, கடையைக் குறிப்பன. கன்னொறுவையில் 1988இல் நிறுவப்பட்ட தாவரப் பிறப்புரிமை வள நிலையம் பயிர்விதைகளைக் குளிரறையிற் பேணுகிறது. அத்தகைய சேமிப்பு விதையை நம்பியது. அறுகோ விதையைவிடத் தண்டையே நம்பி வாழ்வது. வயலில் வளர்த்தே அதனைப் பேண முடியும்.

1990இல் வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தபோது பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை முதலான ஊர்களின் வளவுகள் பல்லாண்டுகள் மனிதர் கால்படாமற் கிடந்தன. 2009இன் பின்னர் நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பியோர் முதலிற் செய்த வேலை பற்றை வெட்டியதும் எல்லை தேடியதுமாகும். வேலியும் கதியாலும் மறைந்த இடங்களில், கிணற்றுக்கட்டையும் மதிலடியையும் கொண்டே வளவை அடையாளம் காண நேர்ந்தது. வெட்டிய பற்றையின்கீழ் வெயில் பட்டதும் தளிர்விடுவனவற்றுள் அறுகும் ஒன்று. அது அவ்வளவில் முன்னர் இருந்த அறுகின் தொடர்ச்சியாகவே இருக்கக்கூடும். இயந்திரங்களின் சில்லோடு வந்த வேற்றூர் அறுகாகவும் இருக்கக்கூடும். இரண்டையும் வேறுபடுத்தச் சில இலைகளும் ஓர் ஆய்வுகூடமும் போதும்.

மாதிரி சேர்ப்பது பெருஞ்செலவான வேலையன்று. கணுவோடு கூடிய விரலளவு தண்டு ஒரு சட்டியில் வேர்விட்டுவிடும். ஒரே செடியை இருமுறை எடுக்காதிருக்க, திட்டுக்குத் திட்டு போதிய இடைவெளி விட்டு நடந்தாற் சரி. ஒவ்வொரு சட்டியிலும் இடத்தின் பெயரை எழுதவேண்டும். அப்பெயர் பிரதேச சபையின் வரைபடத்தில் இல்லாத தரவையின் பெயராக, குறிச்சியின் பெயராக, உறுதியில் மாத்திரம் வாழும் காணியின் பெயராக இருக்கும். அதனைச் சொல்லத்தக்க முதியோர் இன்னும் ஊர்களில் உளர்.